கழசல் என்று ஒரு மீன் இல்லை

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிகாலையில் ஏலம் சூடு பிடிக்கும் நேரத்தில் போய் நின்றால், இரண்டு விதமான குவியல்களைப் பார்க்கலாம்.

முதல் குவியல் பிளாஸ்டிக் பெட்டிகளில் ஐஸ் போட்டு ஒழுங்காக அடுக்கி வைத்தது. வஞ்சிரம், வவ்வால், சங்கரா, இறால், கணவாய். இதைச் சுற்றித்தான் கூட்டம், கூச்சல், விரல் நீட்டி விலை கேட்பது எல்லாம். இரண்டாவது குவியல் ஓரமாகக் கிடக்கும். படகின் அடியறையிலிருந்து மண்வெட்டியால் அள்ளிக் கொட்டியது. ஐஸ் பெரும்பாலும் கிடையாது. கிட்டப் போய்ப் பார்த்தால், விரல் நீளச் சங்கரா, காரல், குட்டி நண்டு, நசுங்கிய சின்னக் கணவாய், விலாங்கு, நட்சத்திர மீன், சங்கு, சொறி, சில நாள் கடல்பாம்பு, சில நாள் கடல்குதிரை. எல்லாம் ஒன்றாகக் குழைந்து ஒரே சாம்பல் நிறமாக இருக்கும்.

இந்தக் குவியலுக்கு ஒரே பெயர்தான். கழசல்.

'என்ன மீன்?' என்று முதல் குவியலில்தான் கேட்பார்கள். இரண்டாவதில் 'எவ்வளவு?' என்பது மட்டும்தான் கேள்வி. லாரி வரும், எடை போடும், அள்ளும், மீன்தூள் ஆலைக்கோ கோழித்தீவனம் அரைக்கும் இடத்துக்கோ போகும். முடிந்தது கதை.

கடலை விட்டு உள்நாட்டுக்கு வந்தாலும் இதே கதைதான், பெயர் மட்டும் வேறு. குளத்தில் மீன் வளர்ப்பது எப்படி என்று சொல்லும் எந்தக் கையேட்டையும் திறந்து பாருங்கள். குஞ்சு விடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளில் ஒன்று 'களைமீன் ஒழிப்பு'. வயலில் களை என்றால் புரிகிறது. மீனில் என்ன களை? பட்டியலும் அங்கேயே இருக்கும். சின்னக் கெண்டை வகைகள், கண்ணாடி போல உடம்பு தெரியும் சிறு மீன்கள், விரல் நீளத்தைத் தாண்டாத மற்றவை. கூடவே 'கொன்றுண்ணி மீன்கள்' என்று இன்னொரு பட்டியல். அதில் விரால், கெளுத்தி, வாளை, பனையேறிக் கெண்டை. ஆக, அந்தக் குளத்தில் ஆயிரமாயிரம் வருடமாக இருந்தவை எல்லாம் ஏதாவது ஒரு பட்டியலில் வந்து விடும்.

களைமீன், கழசல். இந்த இரண்டு சொற்கள் மீதும்தான் வழக்கு. இரண்டும் உயிரியல் சொற்கள் போல நடிக்கும் கணக்குப்பிள்ளைச் சொற்கள். எந்த மீனும் பிறக்கும்போது கழசலாகப் பிறப்பதில்லை. கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு அதில் காசு இல்லை என்பதுதான் இந்தச் சொற்களுக்கு முழு அர்த்தம். சொல் தப்பாக இருந்தால் போகட்டும் என்று விட்டு விடலாம். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு கொல்கிறார்கள் என்பதுதான் சிக்கல்.

முதலில் குளம்

களைமீன் ஒழிப்புக்குக் கையேடுகள் சொல்லும் மருந்து இலுப்பைப் புண்ணாக்கு. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருள்ள ஒரு ஹெக்டேர் குளத்துக்கு 2,500 கிலோ. புண்ணாக்கில் உள்ள சபோனின் செவுள் வழியாக ரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களை உடைக்கும். கொஞ்ச நேரத்தில் மீன்கள் மேலே வந்து தடுமாறி மிதக்கும். நஞ்சின் வேகம் அடங்க இரண்டு மூன்று வாரம் ஆகும். அப்புறம் அதே புண்ணாக்கு எருவாகி விடும். பிறகு கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விடுவார்கள். மூன்றும் கங்கைப் பக்கத்து மீன்கள். 1957-ல் ஒரிசாவின் கட்டாக்கில் ஹீராலால் சௌத்ரி, பிட்யூட்டரிச் சுரப்பிச் சாறு ஊசி போட்டு இந்தக் கெண்டைகளை முட்டையிட வைத்த பிறகு, குஞ்சு கிடைப்பது சுலபமாகி நாடெங்கும் பரவின.

இதில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கண்டுபிடிப்பு பெரிய காரியம். கோடிக்கணக்கான பேருக்கு மலிவான மீன் கிடைத்தது அதனால்தான். சொந்த நிலத்தில் குட்டை வெட்டி, கடன் வாங்கிக் குஞ்சு விட்டவர், விரால் வந்து குஞ்சை எல்லாம் தின்று போகட்டும் என்று விட முடியாது. அவரோடு சண்டை இல்லை.

சண்டை ஊர்ப் பொதுக் கண்மாயையும் ஏரியையும் அதே சொந்தக் குட்டை மாதிரி நினைப்பதோடுதான். கண்மாய் என்பது மீன் ஃபேக்டரி அல்ல. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கம் கோடையில் தண்ணீர் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் துண்டை வீசியதும் மொத்த ஊரும் ஊத்தாக் கூடையும் கச்சாவும் வலையுமாக இறங்கும். வலை இல்லாதவர்கள் பழைய சேலையோடு இறங்குவார்கள். கெண்டை, கெளுத்தி, குரவை, விரால் என்று கையில் கிடைத்தது வீட்டுக்கு. அன்று ஊர் முழுக்க ஒரே குழம்பு வாசனை. அந்த மீனுக்கு ரசீது கிடையாது, விலை கிடையாது. ஆகவே எந்தப் புள்ளிவிவரத்திலும் அது வராது. குத்தகை விட்டால் வரும் தொகை வரும். இலவசமாக ஊருக்குக் கிடைத்தது பூஜ்யம் என்றே எழுதப்படும்.

இந்தச் சின்ன மீன்களின் மதிப்பு என்ன என்று பங்களாதேஷில் அளந்து பார்த்தார்கள். அங்கே 'மோலா' என்று ஒரு மீன். ஆள்காட்டி விரல் அளவுதான். நம்மூர்க் குளங்களிலும் அதன் நெருங்கிய உறவுக்கார மீன் உண்டு. மீன் வளர்ப்புக் கையேடுகளின் களைப் பட்டியலில் அசைக்க முடியாத இடம் பிடித்த பெயர் அது. ஆய்வு செய்தபோது 100 கிராம் மோலாவில் 2,500 மைக்ரோகிராமுக்கும் மேல் வைட்டமின் ஏ இருப்பது தெரிந்தது. வளர்ப்புக் கெண்டையின் சதையில் அது மிகவும் குறைவு. பெரிய மீனில் சதையை மட்டும் தின்று தலையையும் முள்ளையும் எறிந்து விடுகிறோம். சின்ன மீனைத் தலையோடு முள்ளோடு அப்படியே தின்கிறோம். வைட்டமின் இருப்பது கண்ணிலும் குடலிலும், சுண்ணாம்புச் சத்து இருப்பது முள்ளில். விஷயம் அவ்வளவுதான்! கெண்டைக் குளத்திலேயே மோலாவையும் சேர்த்து வளர்த்துப் பார்த்தார்கள். பெரிய மீனின் விளைச்சல் குறையவில்லை. இந்த வேலையில் பல வருடம் இருந்த சகுந்தலா தில்ஸ்டெட் அவர்களுக்கு 2021-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

களை என்று நஞ்சு வைத்த மீன், பிள்ளைகளின் கண்ணுக்கு மருந்தாக இருந்திருக்கிறது. எந்தக் கையேட்டு ஆசிரியரும் இதற்கு மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

இன்னொரு வேடிக்கை. தலையில் வெள்ளிப் பொட்டு வைத்த மாதிரி, தண்ணீர்ப் பரப்பை ஒட்டியே திரியும் சிறு மீன் ஒன்றைக் கிராமத்துப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். கொசுப்புழுதான் அதன் சாப்பாடு. அது உள்ளூரிலேயே இருக்க, கொசுவை ஒழிக்க என்று 1928-ல் கம்பூசியா என்ற அமெரிக்க மீனை இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். அது கொசுப்புழுவோடு நிற்காமல் மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்னக் கூடியது. 1952-ல் திலேப்பியா வந்தது. ஊரில் ஜிலேபிக் கெண்டை என்று செல்லப் பெயர் வைத்து விட்டார்கள், இப்போது அது இல்லாத ஏரி எங்கே இருக்கிறது? பிறகு ஆப்பிரிக்கக் கெளுத்தி. 2000-ல் தடை போட்டும் திருட்டுத்தனமாக வளர்ப்பது நிற்கவில்லை. உண்மையிலேயே 'களை' என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் வரிசை இங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் கிலோ கணக்கில் தேறுவதால் இவற்றுக்கு அந்தப் பெயர் வராது!

மீன் மட்டும் இல்லை. ஆற்றிலும் குளத்திலும் சேற்றில் புதைந்து கிடக்கும் நன்னீர் மட்டிகளின் குஞ்சுகள் பிறந்ததும் ஏதாவது ஒரு மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டிக்கொண்டு சில நாள் வளர்ந்த பிறகுதான் கீழே விழுந்து தனி வாழ்க்கை தொடங்கும். மட்டி தண்ணீரை வடிகட்டிக்கொண்டே இருக்கும் பிராணி. மீனை நஞ்சு வைத்து எடுத்தால் மட்டிக்கு வாகனம் போச்சு. குளத்துக்கு வடிகட்டி போச்சு. இந்த இழப்பை எழுதக் கையேட்டில் ஒரு கட்டம் கூட இல்லை.

இப்போது கடல்

இழுவலை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் கழசல் எப்படி உண்டாகிறது என்று தெரியும். விசைப்படகு ஒரு பெரிய பை போன்ற வலையைக் கடலடியில் உரசியபடி மணிக்கணக்கில் இழுத்துப் போகும். பையின் கடைசிப் பகுதி, அதாவது மடி, எவ்வளவு சின்னக் கண்ணாக இருக்கிறதோ அவ்வளவுக்கு உள்ளே போனது வெளியே வராது. தேடிப் போவது இறால். இறால் சின்னது, எனவே கண்ணும் சின்னது. இறாலோடு அந்தத் தரையில் இருந்த அத்தனையும் வரும்.

இந்தியாவில் இந்த முறை 1952-ல் கையெழுத்தான இந்தோ-நார்வே திட்டத்தைத் தொடர்ந்து கேரளக் கரையில் ஆரம்பித்துப் பரவியது. அதற்கு முன் இறாலுக்கு என்ன மரியாதை தெரியுமா? தென்னை மரத்துக்கு எருவாகப் போட்டார்கள். ஆமாம், இன்றைக்கு டாலர் கொண்டு வரும் இறால் அன்றைக்குக் கழசல்! வெளிநாட்டில் வாங்க ஆள் வந்ததும் அது 'இளஞ்சிவப்புத் தங்கம்' ஆகி விட்டது. கணவாயும் ஒரு காலத்தில் யாரும் சீந்தாமல் தூக்கி எறிந்ததுதான். குளத்துப் பக்கம் அயிரையைப் பாருங்கள். விரல் நீளம் கூட இல்லாத அந்த மீனுக்கு மதுரையில் கட்லாவை விடப் பல மடங்கு விலை. மீன் மாறவில்லை. வாங்குகிறவர் மாறினார், அவ்வளவே.

நேற்று எரு, இன்று தங்கம் என்றால், இன்று கழசல் என்று அள்ளிக் கொட்டுவதில் நாளைய தங்கம் எது என்று யாருக்காவது தெரியுமா?

2023-24-ல் இந்தியாவின் கடல் உணவு ஏற்றுமதி ரூ. 60,523 கோடி. மதிப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இறால்தான், அதிலும் பெரும்பகுதி பண்ணை இறால். 2009-ல் அனுமதி கொடுத்து உள்ளே விட்ட வன்னமெய், பசிபிக் பக்கத்து இறால். அது தின்பது தீவனம், தீவனத்தில் ஒரு பங்கு மீன்தூள், மீன்தூளில் ஒரு பங்கு கழசல். ஒரு கிலோ மீன்தூளுக்கு நாலைந்து கிலோ பச்சை மீன் வேண்டும். உலகக் கணக்கும் சொல்லி விடலாம். 2020-ல் உலகின் மொத்த மீன், இறால், நண்டு, சிப்பி உற்பத்தி 17.8 கோடி டன். அதில் 2 கோடி டன்னுக்கு மேல் மனிதர் சாப்பாட்டுக்குப் போகவில்லை. அந்த 2 கோடியில் 1.6 கோடி டன் தூளாகவும் எண்ணெயாகவும் ஆனது.

பி.காம் படித்தவர்களுக்கு ஒரு கேள்வி

ப்ராசஸ் காஸ்டிங்கில் 'இயல்பு நட்டம்' என்று ஒன்று வரும். நார்மல் லாஸ். உற்பத்தியில் எப்படியும் கொஞ்சம் வீணாகும், அதன் மேல் அடக்கவிலை எதையும் ஏற்ற வேண்டாம், விற்றால் கிடைக்கும் கழிவு மதிப்பை ப்ராசஸ் கணக்கில் வரவு வைத்தால் போதும். கழசலை இப்படித்தான் நடத்துகிறார்கள். இறாலும் வஞ்சிரமும் சரக்கு, மற்றது இயல்பு நட்டம், லாரிக்காரர் தருவது கழிவு மதிப்பு. கணக்குப் பாடத்தில் பத்துக்குப் பத்து மார்க்.

ஆனால் மரப்பட்டறையில் விழும் மரத்தூள் நாளைக்கு மரமாக வளராது. கழசலில் கிடக்கும் விரல் நீளச் சங்கரா வளரும். அது கழிவே இல்லை, அடுத்த வருடச் சரக்கு.

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். 20 கிராம் எடையுள்ள குட்டி மீன் ஒரு கிலோவுக்கு 50 நிற்கும். கடலில் விட்டிருந்தால் 50-ல் 40-ஐப் பெரிய மீன் தின்றதாகவே இருக்கட்டும். மிச்சம் 10 வளர்ந்து அரைக் கிலோ ஆனால் 5 கிலோ மீன், அதுவும் ஐஸ் பெட்டியில் போகும் முதல் தர மீன். அதற்குள் அது ஒரு முறை முட்டையும் இட்டிருக்கும். இந்த 5 கிலோவைத்தான் ஒரு கிலோ கழசல் விலைக்கு விற்கிறார்கள். கணக்கில் இது 'வருமானம்' என்று பதிவாகிறது. வீட்டு உத்திரத்தைப் பிடுங்கி விறகுக்கு விற்று விட்டு 'இந்த மாதம் நல்ல வருமானம்' என்று சொல்வது மாதிரி. 2013-ம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 123-ம் பிரிவு, தேய்மானம் கழித்த பிறகு வரும் லாபத்திலிருந்துதான் டிவிடெண்ட் தரலாம் என்கிறது. முதலைத் தின்னாதே என்பது அதன் சாரம். கம்பெனிக்கு இருக்கும் இந்தக் குறைந்தபட்ச ஒழுக்கம் கடலுக்குப் பொருந்தாதா?

அரசுக் கணக்கும் இதற்கு உடந்தை. 2023-ல் இந்தியக் கடற்கரையில் இறங்கிய மீன் 35.3 லட்சம் டன் என்று ஒரு எண் வெளியானது. எண் ஏறினால் சந்தோஷம், இறங்கினால் கவலை. கரைக்கு வந்த ஒரு டன் வஞ்சிரமும் ஒரு டன் குட்டி மீனும் அந்த மொத்தத்தில் ஒன்றுதான். முதலைத் தின்று கொண்டிருந்தாலும் அந்த எண் கொஞ்ச காலம் ஏறிக்கொண்டே போகும்.

கேரளத்தின் மத்தி கதை தெரிந்ததுதான். 2012-ல் சுமார் 3.9 லட்சம் டன். 2021-ல் 3,297 டன். நூறில் ஒரு பங்கு கூட இல்லை. குட்டி மத்தியைப் பிடித்தது மட்டுமே இதற்குக் காரணம் என்று சொன்னால் அது பொய். கடலின் சூடும் நீரோட்டமும் பெரிய காரணங்கள். ஆனால் கெட்ட காலம் வரும்போது கையிருப்பு இருக்கிறவன் தாங்குவான், கையிருப்பைத் தின்றவன் விழுவான். கேரளம் 2015-ல் 14 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச நீளம் நிர்ணயித்தது, 2017-ல் அதை 58 வகைகளாக விரித்தது. அந்த அளவுக்குக் கீழே பிடித்தால் குற்றம். அதாவது, சட்டத்தின் பார்வையில் அந்த 58 வகைகளுக்குக் 'கழசல்' என்ற பெயர் செல்லாது.

கணக்கில் எழுதாத கடன்

எழுதாமல் விட்டால் செலவு மறைந்து விடுமா? ஆமையைப் பாருங்கள். இழுவலையில் சிக்கும் பங்குனி ஆமை மூச்சுக்கு மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகும். ஆமைக்கு விலை கிடையாது, எனவே கணக்கிலும் கிடையாது. வலையில் ஆமை மட்டும் வெளியேற ஒரு கம்பிச் சட்டமும் வாசலும் வைக்கும் கருவி உண்டு. கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம் நம்மூர் வலைக்கு ஏற்றபடி செய்தும் கொடுத்தது. 'மீன் தப்பிப் போகும்' என்று பெரும்பாலான படகுகளில் மாட்டவே இல்லை.

முடிவு? ஆமையைக் காக்கும் கருவி இல்லாத கடல் இறாலை வாங்க மாட்டோம் என்று அமெரிக்கா 2019-ல் இந்தியக் கடல் இறாலுக்குக் கதவை மூடியது. பூஜ்யம் என்று எழுதிய ஆமை, மொத்த அமெரிக்கச் சந்தையின் விலையாகத் திரும்பி வந்தது. அப்படியும் பாடம் ஏறியதா? 2025 ஜனவரியில் சென்னைப் பக்கக் கடற்கரைகளில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின.

ஆமைக்காவது வெளிநாட்டில் வக்கீல் இருந்தார். கடல்குதிரைக்கும் கடல் அட்டைக்கும் 2001-ல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில், அதாவது புலி இருக்கும் பட்டியலில், இடம் கொடுத்தார்கள். காட்டில் புலியை மண்வெட்டியால் அள்ளி லாரியில் போட்டால் என்ன ஆகும்? கழசல் குவியலில் கிடக்கும் கடல்குதிரையைக் கண்டுபிடிக்கக் கூட ஆள் இல்லை.

காரலுக்கும் குட்டி நண்டுக்கும் அந்த வக்கீலும் இல்லை. அவற்றின் கடனை அடைப்பவர்கள் வேறு ஆட்கள். கரையோரம் கட்டுமரத்திலும் நாட்டுப்படகிலும் போய், வளர்ந்த மீனுக்காகக் காத்திருப்பவர். வஞ்சிரம் வாங்க வழியில்லாமல் காரலும் நெத்திலியும் வாங்கிக் குழம்பு வைக்கும் குடும்பம். சின்ன மீனை வாங்கிக் கருவாடு போட்டு விற்றுப் பிழைத்த பெண்கள். இவர்களிடம் லாரியோடு போட்டி போடக் காசு இல்லை.

வரப்போகும் பதில்கள்

'வலையில் வந்தபோதே செத்து விட்டது. கடலில் எறிந்தால் வீண். தூளாக்கினால் உபயோகம்தானே?' கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஒரு காலத்தில் நீண்ட பயணத்தில் முதல் சில நாள் வந்ததை எறிந்து விட்டு, கடைசி நாள் வந்ததை மட்டும் கரைக்குக் கொண்டு வருவார்கள். இடத்துக்கும் ஐஸுக்கும் அது தகுதி இல்லை என்ற நினைப்பு. விலை கிடைக்க ஆரம்பித்ததும் அதுவே டீசல் காசு ஆனது. டீசல் காசு ஆனதும், கண் பெரிதான வலை நட்டம் என்று ஆனது. இயல்பு நட்டம் துணைப்பொருளாகப் பதவி உயர்வு பெற்று விட்டது! செத்ததால் விற்கிறார்கள் என்பது பாதி உண்மை. விற்க முடிவதால் சாகிறது என்பது மறு பாதி.

'கோழித்தீவனம் இல்லாவிட்டால் முட்டை விலை ஏறும். நாமக்கல் முட்டைதானே சத்துணவில் ஏழைப் பிள்ளைக்குப் போகிறது?' சரியான கேள்வி. அதற்காக இதைத் தொடர வேண்டுமா? தலை, குடல், முள் என்று மீன் வெட்டும் இடங்களில் விழும் உண்மையான கழிவு மலை மலையாக இருக்கிறது. தூள் அரைக்க அது போதாத இடத்தில் சோயா இருக்கிறது. குட்டி மீனைத்தான் அரைக்க வேண்டும் என்று எந்தக் கோழியும் அடம் பிடிக்கவில்லை :-)

'உலகமே மீன்தூள் ஆலை நடத்துகிறது.' நடத்துகிறது. உலகிலேயே பெரிய மீன்தூள் தொழில் பெரு நாட்டில், நெத்திலி இனத்து மீனை வைத்து நடக்கிறது. அங்கே 12 சென்டிமீட்டருக்குக் குறைந்த குட்டிகள் பத்து சதவீதத்துக்கு மேல் வரக் கூடாது என்று விதி. மொத்தம் எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்கும் வரம்பு. என்ன மீன் என்றே தெரியாமல் அள்ளிக் கொட்டுவதற்கு அது உதாரணம் ஆகாது.

'சட்டம்தான் இருக்கிறதே.' இருக்கிறது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-லேயே வந்தது. 2020 விதிகளின்படி விசைப்படகு 5 கடல்மைலுக்கு அப்பால்தான் மீன் பிடிக்க வேண்டும், இழுவலை மடியின் கண் 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 61 நாள் தடைக்காலமும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடலுக்கு ஓய்வு கொடுத்து விட்டு, ஜூன் 15 அன்று சின்னக் கண் வலையோடு போய், அந்த ஓய்வில் பிறந்ததை எல்லாம் அள்ளி வந்தால் 61 நாள் பட்டினி யாருக்காக? 40 மில்லிமீட்டர் வலையில் விரல் நீள மீன் இவ்வளவு தங்காது. தினமும் கரையில் கிடக்கும் கழசல் குவியலே விதி மீறலுக்குச் சாட்சி. சாட்சியை எடை போட்டு, ரசீது எழுதி, காசு கொடுத்து வாங்குகிறார்கள்!

என்ன செய்யலாம்

நடுக்கடலில் ஒவ்வொரு வலையையும் அதிகாரி போய் அளக்க முடியாது. ஆனால் மீன்தூள் ஆலைகளை எண்ணி விடலாம். லாரிகள் போகும் வாசலும் தெரியும். என்ன மீன், எந்த அளவு, எந்தப் படகு என்று எழுதாமல் ஒரு கிலோ கூட ஆலைக்குள் போகக் கூடாது என்று வைத்தால் போதும், வலைக்கண் தானாகப் பெரிதாகும். வாங்க ஆள் இல்லாத குட்டி மீனுக்காக யாரும் டீசல் எரிக்க மாட்டார்கள். கேரளம் மாதிரி அளவுப் பட்டியல் தமிழ்நாட்டுக் கரையிலும் ஏலக்கூடத்துச் சுவரில் பெரிய எழுத்தில் தொங்க வேண்டும். முதல் சில வருடம் படகுக்காரர்களுக்கு நட்டம் வரும், அதை அவர்கள் தலையில் மட்டும் கட்டுவதும் அநியாயம். ஏற்றுமதியில் அறுபதாயிரம் கோடி பார்க்கும் தொழில் அதில் பங்கு கொடுக்கட்டும்.

குளத்தில் இன்னும் சுலபம். பொதுக் கண்மாய்க்குள் இலுப்பைப் புண்ணாக்கு போகக் கூடாது என்று குத்தகைச் சீட்டில் ஒரு வரி. கையேடுகளில் 'களைமீன்' என்ற சொல்லை அடித்து விட்டு அந்த இடத்தில் ஒவ்வொரு மீனின் பெயரையும் எழுத ஒரு பக்கம். பெயர் எழுதி விட்டு நஞ்சு வைக்கச் சொல்வது கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், இருக்கட்டும்.

மீன் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை சந்தைக்குப் போகும்போது வஞ்சிரத்தைத் தாண்டி இரண்டு கடை நடந்து, கூடை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் பெயர் தெரியாத சின்ன மீன் எதையாவது காட்டி, 'இது என்ன மீன்?' என்று கேட்டுப் பாருங்கள். வளர்ந்தும் சின்னதாகவே இருக்கும் மீன் எது, பெரிய மீனின் குட்டி எது என்று அவருக்குத் தெரியும். பெயரும் தெரியும், எந்த மாதம் சினை பிடிக்கும், எதைப் போட்டால் குழம்பு ருசிக்கும் என்பதும் தெரியும்.

அந்த அம்மாவின் கூடையில் கழசல் என்று ஒரு மீன் இருக்காது.